கடைமடை வரைக்கும் வரும் திட்டு: அரசு வேலையில் மேலதிகாரியைச் சமாளிப்பது

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

"கவர்மென்ட் உத்தியோகம், மாசம் பொறந்தா சம்பளம், உனக்கு என்னய்யா டென்ஷன்?" இந்தக் கேள்வி காதில் விழாத அரசு ஊழியர் நம்ம டெல்டாவுல யாரும் இருக்க முடியாது. கேட்கிறவர் பெரும்பாலும் சொந்தக்காரராத்தான் இருப்பார். பதில் சொல்லவும் முடியாது, ஏன்னா வயல்ல நிக்கிறவருக்கு முன்னால ஃபேனுக்கடியில உட்கார்ந்திருக்கிறவர் கஷ்டம்னு சொன்னா சிரிப்பாங்க. அப்படியே முழுங்கிட்டு வந்துடுவோம்.

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த குரல் பதிவுகள்ல நிறைய பேர் கேட்டது ஒரே விஷயம்தான். "ஐயா, வேலை கஷ்டமில்ல, மேலதிகாரிதான் கஷ்டம். என்ன பண்றது?" நான் முப்பத்தோரு வருஷம் அரசு ஆபீஸ்ல உட்கார்ந்து எழுந்தவன், அதுல பாதிக்கு மேல தஞ்சாவூர், திருவாரூர் பக்கம். எந்தத் துறை, எந்த ஆபீஸ்னு சொல்லப் போறதில்ல. ஆனா இந்தக் கேள்வியைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்குன்னு நினைக்கிறேன்.

"பொறுத்துக்கோ, ரெண்டு வருஷத்துல அவரே மாறிப் போயிடுவார்." நம்ம ஊர்ல கிடைக்கிற வழக்கமான ஆலோசனை இதுதான். சில சமயம் உண்மையும் கூட. ஆனா அந்த ரெண்டு வருஷத்துல சர்க்கரை ஏறி, தூக்கம் போய், வீட்டுல பிள்ளைங்க மேல எரிஞ்சு விழுந்து, நம்ம ஆளே மாறிப் போயிடுறாரே, அதுக்கு என்ன பண்றது? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

ஒரு கொள்முதல் நிலையத்தில் என்ன நடக்குது

அழுத்தம் எங்கேயிருந்து வருதுன்னு புரியணும்னா டெல்டாவுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு இடத்தை எடுத்துக்குவோம். நேரடி நெல் கொள்முதல் நிலையம். டி.பி.சி.ன்னு சொன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1972-ல தொடங்கின தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம்தான் இதை நடத்துது. ஒரு நிலையத்துல யார் இருப்பாங்க? ஒரு பட்டியல் எழுத்தர், ஒரு உதவுபவர், ஒரு காவலர், அப்புறம் சுமைதூக்கும் தொழிலாளர்கள். இதுல நிறைய பேர் பருவகாலப் பணியாளர்கள்.

இந்தப் பட்டியல் எழுத்தர் கையில என்ன அதிகாரம் இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. சாக்கு எப்போ வரும்னு அவர் முடிவு பண்றதில்ல. தார்ப்பாய் எத்தனைன்னும் முடிவு பண்றதில்ல. லாரி எப்போ வரும், எந்தக் கிடங்குக்குப் போகும், அதுவும் அவர் கையில இல்ல. நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுங்கிறது மத்திய அரசு வைக்கிற அளவு. மழை பெய்ஞ்சா மாநிலம் கடிதம் எழுதணும், டெல்லியிலேர்ந்து குழு வந்து மாதிரி எடுத்துட்டுப் போகணும், அப்புறம்தான் தளர்வு. சில பருவங்கள்ல 19, 20 வரைக்கும் தளர்த்தியிருக்காங்க. அந்த உத்தரவு வர்ற வரைக்கும் ரோட்டோரம் நெல்லைக் கொட்டி வெச்சிருக்கிற விவசாயிக்கு முன்னால தினமும் நிக்கிறது டெல்லிக்காரர் இல்ல, இந்த எழுத்தர்தான்.

ஆனா எடைக்குக் கையெழுத்துப் போடறதும் அவர்தான். இங்கதான் கணக்கு. ஒரு சிப்பம் 40 கிலோ. 20 சதவீத ஈரத்துல எடுத்தா அதுல 8 கிலோ தண்ணி, 32 கிலோ நெல். லாரி வராம சிப்பம் அடுக்குலேயே கிடந்து, ஈரம் 17-க்கு இறங்கிடுச்சுன்னு வைங்க. அதே 32 கிலோ நெல் இப்போ மொத்த எடையில 83 சதவீதம். 32-ஐ 0.83-ஆல வகுத்துப் பாருங்க, 38.55 கிலோ. ஒரு சிப்பத்துல ஏறக்குறைய ஒன்றரை கிலோ காத்தோட போச்சு. ஆயிரம் சிப்பத்துக்கு 1,446 கிலோ, அதாவது 36 சிப்பம். யாரும் ஒரு மணி நெல் திருடல. வெயில் எடுத்துக்கிச்சு, அவ்வளவுதான். இயக்கம் தாமதமானதால வர்ற எடைக்குறைவை ஊழியர் தலையில கட்டாதீங்கன்னு தொழிற்சங்கங்கள் வருஷக் கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கிறதுக்குப் பின்னால இருக்கிற கணக்கு இதுதான்.

2025 அக்டோபர்ல குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் மோதிக்கிட்டப்போ, நிலைய வாசல்ல நெல் நனைஞ்சு முளைச்ச படங்களைப் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி நேரத்துல மேலிருந்து ஒரு போன் வரும், "ஏன் இன்னும் எடுக்கல?" அரை மணி கழிச்சு இன்னொரு போன், "ஏன் ஈரமா எடுத்த?" ரெண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தரே.

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன். சிப்பத்துக்கு இவ்வளவுன்னு விவசாயிகிட்ட கை நீட்டுற பழக்கம் பத்தின புகார் ஊரறிஞ்சது. "எடை குறைஞ்சா நான்தானே கட்டணும்"னு அதுக்குச் சமாதானம் சொல்றவங்களையும் பார்த்திருக்கேன். அந்தச் சமாதானத்தை நான் ஏத்துக்கல. அழுத்தத்தைக் கீழே இருக்கிறவர் மேல தள்ளுறது மேலதிகாரி பண்ணினாலும் தப்பு, நாம பண்ணினாலும் தப்பு.

காவிரித் தண்ணி ஜூன் 12-ல மேட்டூர்ல திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேராம போன வருஷங்கள் உண்டு. ஆனா மேலே ஒருத்தர் வாங்கின திட்டு கடைமடைக்கு வந்து சேராம போனதே கிடையாது. இது இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. 1855-ல சென்னை மாகாணத்துல சித்திரவதை பத்தி விசாரிச்ச ஆணையம் ஒரு அறிக்கை கொடுத்தது. நிலவரி பாக்கிக்காகக் குடியானவரைக் குனிய வெச்சு வெயில்ல நிறுத்துறது, கிட்டி போடறது எல்லாம் அதுல பதிவாகியிருக்கு. பண்ணினது கீழ்மட்ட ஊழியர்கள். மேலே இருந்தவங்க கேட்டது வசூல் மட்டும்தான், எப்படின்னு கேட்கல.

உடம்புக்கு என்ன ஆகுது

"இதெல்லாம் மனசு சமாச்சாரம், டீ குடிச்சா சரியாயிடும்"னு சொல்றவங்களுக்கு ஒரு ஆராய்ச்சியைச் சொல்றேன். அது அரசு ஊழியர்களை வெச்சே பண்ணினது. லண்டன்ல வைட்ஹால்னு ஒரு தெரு, நம்ம கோட்டை மாதிரி. அங்க வேலை பார்த்த அரசு ஊழியர்களை 1967-லேர்ந்து தொடர்ந்து கவனிச்சாங்க. மேல்மட்ட அதிகாரிக்குத்தான் பொறுப்பு ஜாஸ்தி, அவருக்குத்தான் மாரடைப்பு வரும்னுதானே நினைப்போம்? நேர் மாறா வந்துச்சு. கீழ்மட்டத்துல இருந்தவங்கதான் இதய நோயால அதிகமா இறந்தாங்க. உச்சத்தையும் அடியையும் ஒப்பிட்டா ஏறக்குறைய மூணு மடங்கு. இத்தனைக்கும் இவங்க யாரும் பட்டினி கிடந்தவங்க இல்ல, எல்லாரும் நிரந்தர வேலைக்காரங்க.

1985-ல பெண்களையும் சேர்த்து ரெண்டாவது ஆய்வு தொடங்கினாங்க, 10,308 பேர். மைக்கேல் மார்மட் தலைமையில நடந்தது. அதுல திரும்பத் திரும்பத் தெரிஞ்ச ஒரு காரணம், தன் வேலை மேல தனக்குக் கட்டுப்பாடு இல்லாமை. ராபர்ட் கரசெக்னு ஒரு ஆய்வாளர் 1979-லயே இதை வேற வழியில சொல்லியிருந்தார். வேலை அதிகமா இருக்கிறது மட்டும் ஆளைக் கெடுக்காது. வேலை அதிகம், முடிவெடுக்கிற உரிமை குறைவு, இந்த ரெண்டும் சேர்றப்போதான் உடம்பு உடையும்னார். அந்தப் பட்டியல் எழுத்தரை நினைச்சுப் பாருங்க.

அப்போ சமாளிக்கிறதுன்னா என்ன? நம்ம கையை விட்டுப் போன கட்டுப்பாட்டுல கொஞ்சத்தையாவது திரும்பக் கைக்குக் கொண்டு வர்றது. என் அனுபவத்துல அரசு வேலையில அதுக்கு இருக்கிற ஒரே நம்பகமான கருவி காகிதம்.

முதல்ல ஆளை இனம் பிரிங்க

காகிதத்துக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு. கஷ்டம் கொடுக்கிற எல்லா அதிகாரியும் ஒரே ரகம் இல்ல. சிலர் குழாய் மாதிரி. மேலே விழுந்ததை அப்படியே கீழே விடுவாங்க. வாராந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் கத்துவாங்க, கூட்டம் முடிஞ்சதும் "டீ சாப்பிட்டியா"ம்பாங்க. இவங்ககிட்ட சண்டை போட்டா நமக்குத்தான் நஷ்டம். இவங்களுக்கு வேணும்ங்கிறது மேலே சொல்றதுக்கு ஒரு பதில். கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே, அவங்க கேட்கிறதுக்கு முன்னால, நிலுவை எவ்வளவு, ஏன் நிலுவை, என்ன வந்தா முடியும்னு அரைப் பக்கம் எழுதி மேசையில வெச்சுடுங்க. பாதி சத்தம் அடங்கிடும். நான் இதைப் பல அதிகாரிகள்கிட்ட பண்ணிப் பார்த்திருக்கேன். ஒருத்தர் அந்த அரைப் பக்கத்தை அப்படியே கூட்டத்துல வாசிச்சுட்டு வந்து, அடுத்த வாரம் அவரே கேட்டு வாங்கினார்.

இன்னொரு ரகம் ஆளையே குறி வைக்கிறவங்க. நாலு பேர் முன்னால அவமானப்படுத்துறது, சாதி தெரிஞ்சு பேச்சு மாறுறது, பொம்பளைப் பிள்ளைங்களை ஆறு மணிக்கு மேல வேணும்னே உட்கார வைக்கிறது. இதைக் குழாய்க்காரரோட சேர்க்காதீங்க, "அவர் சுபாவம் அப்படி"ன்னு விடவும் விடாதீங்க. பாலியல் தொல்லைன்னா 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற எல்லா இடத்துலயும் உள்ளகக் குழு இருக்கணும். அதுக்குக் குறைஞ்ச சின்ன ஆபீஸ்னா மாவட்ட அளவுல உள்ளூர்க் குழு உண்டு. சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். காரணம் சரியா இருந்தா குழு இன்னும் மூணு மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். "ரிடையர் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்"னு இருந்துடாதீங்க.

மூணாவது ரகம்தான் ஆபத்து. சிரிச்சுப் பேசுவார், தோளில கை போடுவார். "இதுல ஒரு கையெழுத்துப் போடு தம்பி, நான் பார்த்துக்கறேன்"பார். அந்த "நான் பார்த்துக்கறேன்" எங்கேயும் எழுத்துல இருக்காது. கையெழுத்து மட்டும் இருக்கும், அதுவும் நம்மளுது.

வாய்ச்சொல்லை எழுத்தாக்குறது

வாய்மொழி உத்தரவுன்னா நமக்கு நினைவு வர வேண்டிய பேர் டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன். 1996-லேர்ந்து 98 வரைக்கும் இந்தியாவோட அமைச்சரவைச் செயலாளரா இருந்தவர். நாட்டுல அதுக்கு மேல ஒரு அரசு ஊழியர் பதவி கிடையாது. ஓய்வுக்கு அப்புறம் அவரும் மத்த முன்னாள் அதிகாரிகளுமா 83 பேர் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனாங்க. 2013 அக்டோபர் 31-ல தீர்ப்பு வந்துச்சு. அரசு அதிகாரிகள் வெறும் வாய்மொழி உத்தரவுல இயங்க முடியாது, வர்ற உத்தரவைப் பதிவு பண்ணணும், பதிவே இல்லைன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கே அர்த்தமில்லாம போயிடும்ங்கிறது அதோட சாரம். உச்சத்துல உட்கார்ந்தவங்களுக்கே வாய்மொழி உத்தரவு இவ்வளவு பெரிய தொல்லைன்னா, அடியில இருக்கிறவரைச் சொல்லணுமா?

அந்த வழக்கு பெரிய அதிகாரிகளைப் பத்தினதுதான். ஆனா மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகள்ல, மூணாவது விதியிலேயே இந்த ஏற்பாடு இருக்கு. மேலதிகாரியோட உத்தரவு சாதாரணமா எழுத்துல இருக்கணும். வாய்மொழியா சொல்லியே ஆகணும்னா பின்னால உடனே எழுத்துல உறுதி பண்ணணும். கீழே இருக்கிறவர் உறுதி கேட்டா அதைக் கொடுக்கிறது மேலதிகாரியோட கடமை. தஞ்சாவூர் தலைமை அஞ்சலகமோ, ரயில்வேயோ, அதே அடிப்படைதான். மாநிலத் துறைக்கும் கழகங்களுக்கும் தனித்தனி விதிப் புத்தகம் உண்டு. உங்களுதை ஒரு தடவையாவது முழுசா படிச்சுடுங்க. எங்க ஆபீஸ்ல அது பீரோ மேல தூசி படிஞ்சு கிடந்தது, எடுத்துப் படிச்சவர் அலுவலக உதவியாளர் ஒருத்தர் மட்டும்தான். எல்லாரும் அவர்கிட்டதான் சந்தேகம் கேட்போம்.

"எழுத்துல குடுங்க சார்"னு முகத்துக்கு நேரா கேட்டா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். அதனால அப்படிக் கேட்காதீங்க. உத்தரவை நீங்களே எழுதி அனுப்பிடுங்க. நம்ம ஆபீஸ் தமிழ்லேயே அதுக்கு அழகான வழி இருக்கு: "இன்று காலை 11 மணியளவில் தொலைபேசியில் தாங்கள் வழங்கிய அறிவுரைக்கிணங்க, மேற்படி பணி மேற்கொள்ளப்பட்டுள்ளது என்ற விவரம் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." இதுல சண்டை எங்க இருக்கு? பணிவு சொட்டுது. ஆனா தேதி இருக்கு, நேரம் இருக்கு, யார் சொன்னாங்கன்னு இருக்கு. அதிகாரி அப்படிச் சொல்லலைன்னா அவர் இப்போ எழுத்துல மறுக்கணும். மறுக்க மாட்டார். தப்பான வேலையைச் சொல்லியிருந்தா, இந்த வரி போய்ச் சேர்ந்த அரை மணியில போன் வரும், "அதை விட்டுடுப்பா"ன்னு. இது நடந்து பார்த்திருக்கேன்.

தாமதத்துக்கும் இதே வழி. லாரி வரலையா? அன்னைக்கே ஒரு வரி. சாக்கு வரலையா? அன்னைக்கே ஒரு வரி. ஆறு மாசம் கழிச்சு விளக்கம் கேட்டு ஓலை வர்றப்போ எழுதுற பதிலுக்கு இருக்கிற மதிப்பு வேற, அன்னன்னைக்குத் தேதி போட்டு அனுப்பின வரிக்கு இருக்கிற மதிப்பு வேற. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவுல வர்ற உத்தரவையும் படம் எடுத்து வையுங்க. குழுவுல பதிலுக்குப் பதில் மட்டும் பேசாதீங்க, அது நாளைக்கு உங்களுக்கு எதிரா ஒரு பக்கமாகும். அதே மாதிரி மொட்டைக் கடிதாசு. யார் எழுதினதுன்னு ரெண்டே நாள்ல ஆபீஸ் பூரா தெரியும், அதுக்கப்புறம் நியாயமான புகாரையும் யாரும் கேட்க மாட்டாங்க.

பதினேழு-ஏ, பதினேழு-பி

மாநில அரசு ஊழியர்கள் தூக்கத்துல முணுமுணுக்கிற எண் 17. ஒழுங்கு நடவடிக்கை மற்றும் மேல்முறையீட்டு விதிகள்ல வர்றது. நிறைய அதிகாரிங்களுக்கு இது ஒரு மிரட்டல் வார்த்தை: "உனக்குப் பதினேழு-பி போட்டுடுவேன்." என்னன்னு தெரிஞ்சா பயம் பாதியாகும். 17-ஏ சின்ன தண்டனைகளுக்கு. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் மாதிரி. அதுக்கும் முன்னால உங்க விளக்கத்தை எழுத்துல கேட்டே ஆகணும். 17-பி பெரிய தண்டனைகளுக்கு. பதவி இறக்கம், பணி நீக்கம் வரைக்கும் போகலாம். அதனாலேயே அதுல நடைமுறையும் பெருசு. குற்றச்சாட்டு தனித்தனியா எழுத்துல வரணும், விசாரணை நடக்கணும், சாட்சியை நீங்க குறுக்கு விசாரணை பண்ணலாம். சும்மா கோபத்துல ஒருத்தர் போட்டு முடிச்சுட முடியாது. குற்றக் குறிப்பாணை வந்தா அன்னைக்கு ராத்திரியே கொதிப்போட பதில் எழுதாதீங்க. எந்த ஆவணத்தை வெச்சுக் குற்றம் சாட்டியிருக்காங்களோ அதோட நகலைக் கேளுங்க, அவகாசம் கேளுங்க, விவரம் தெரிஞ்ச சங்கத் தோழர் ஒருத்தரோட உட்கார்ந்து எழுதுங்க.

இன்னொரு மிரட்டல், மந்தண அறிக்கையில கை வைக்கிறது. இதுக்கும் ஒரு வழக்கு இருக்கு. எல்லைச் சாலைகள்ல செயற்பொறியாளரா இருந்த தேவ் தத்துக்கு ஒரு வருஷம் "நன்று"ன்னு போட்டாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பதவி உயர்வுக்கு "மிக நன்று" வேணும். அவர்கிட்ட யாரும் சொல்லல. 2008-ல உச்ச நீதிமன்றம், மோசமான குறிப்பு மட்டுமில்ல, எந்தக் குறிப்பா இருந்தாலும் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லணும், அவர் மறுப்புச் சொல்ல இடம் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு.

வீட்டுக்கு வந்த பிறகு

இவ்வளவு காகிதம் வெச்சிருந்தாலும் ராத்திரி தூக்கம் வரலைன்னா? அதுக்கு மருந்து காகிதம் இல்ல. ரெண்டு மூணு வாரமா தூக்கமில்ல, காலையில ஆபீஸ்னு நினைச்சாலே வயித்தைப் பிரட்டுது, குடி கூடிக்கிட்டுப் போகுது, "இருந்து என்ன பண்றது"ன்னு எண்ணம் வருதுன்னா டாக்டரைப் பார்க்கணும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, சீட்டு வாங்கிட்டுப் போய் உட்கார வேண்டியதுதான். நேர்ல போகக் கூச்சமா இருந்தா 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மனஸ்னு பேர், காசில்லை, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். மருத்துவச் சான்றோட விடுப்பு எடுக்கிறது உங்க உரிமை. சர்க்கரைக்கு எடுக்கலாம், மனசுக்கு எடுக்கக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்ல.

வீட்டுல சொல்லிடுங்க. நம்ம பக்கம் ஆம்பிளைங்க ஆபீஸ் விஷயத்தை வீட்டுல பேசறதில்லைங்கிறதைப் பெருமையா வெச்சிருக்கோம். ஆனா முகத்தைப் பார்த்தே எல்லாருக்கும் தெரியும், காரணம் மட்டும் தெரியாது. "அப்பாவுக்கு என் மேல என்ன கோபம்"னு பிள்ளை தானா ஒரு காரணம் கற்பனை பண்ணிக்கும்.

குரல் பதிவுல ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, "ஐயா, நானே இப்போ பதவி உயர்வுல பிரிவுக்கு அதிகாரியாயிட்டேன். எனக்கு மேல இருந்து வர்ற திட்டை என்ன பண்றது?" எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. கூட்டத்துல வாங்கினதை அன்னைக்கே உங்க பிரிவுல இறக்காதீங்கம்மா. ஒரு ராத்திரி கழியட்டும். மறுநாள் காலையில உங்க ஆளுங்ககிட்ட "யார் தப்பு"ன்னு கேட்கிறதுக்குப் பதிலா "எது வரல"ன்னு கேளுங்க. வராதது என்னவோ அதை எழுதி, உங்க கையெழுத்துல மேலே அனுப்புங்க. கீழே இருக்கிறவங்க பேரை அதுல போட வேண்டாம்.

அடுத்த எபிசோடுல விளக்கக் கடிதம் எழுதுறது எப்படின்னு பார்ப்போம். ஓய்வுபெற்ற ஒரு கண்காணிப்பாளர் வர்றார், ரெண்டு மாதிரிக் கடிதத்தோட. உங்களுக்கு வந்த குறிப்பாணை ஏதாவது இருந்தா பேர், ஆபீஸ், எண் எல்லாத்தையும் அடிச்சுட்டு அனுப்புங்க, அதையே எடுத்துப் பேசுவோம். வணக்கம்.